தூங்குமூஞ்சியின் ஒரு மணி நேரம்

மார்ச் 3, திங்கள்

இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். எங்கள் சர்ச்சின் மாதப் பத்திரிகை சபை மடலுக்கு, அவன் செய்ததை எழுதப்போகிறேன். எல்லோரும் படிக்கட்டும்.

என் சின்ன வயதுச் சிநேகிதன் தூங்குமூஞ்சிக்கு அடுத்த செவ்வாய் இதய அறுவை சிகிச்சையாம். முந்தின நாள் கோயிலில் சங்கிலி ஜெபம், இடைவிடாமல் ஆள் மாற்றி ஆள், ஆளுக்கு ஒரு மணி நேரம். மனைவிதான் சொன்னாள். "மதியம் மூணு மணி மட்டும் காலியா இருக்கு. நீங்க வேணா..." முறைத்தேன். அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மூன்று மணி! அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நடந்த சங்கிலியில் அவன் எடுத்ததும் அதே மூன்று மணிதான். மில்லில் எலக்ட்ரீஷியன், இரவு வேலையோடு பகல் வேலையும் சேர்த்து முடித்து நேராக வந்து முழங்கால் போட்டவன், அப்படியே தூங்கிவிட்டான். நாலு மணிக்குள் அக்கா போய்விட்டாள். அடக்கத்தன்று அவனே வந்து சொன்னான்: "மச்சான், நான் தூங்கிட்டேன்டா."

அன்றோடு அவனிடம் பேச்சில்லை. நான் ஜெபிப்பதும் இல்லை.

மார்ச் 4, செவ்வாய்

கடிதம் இரண்டு வரிக்கு மேல் ஓடவில்லை. அக்கா குறுக்கே வருகிறாள்.

அம்மா இல்லாத வீடு. சாயங்காலம் அடுப்பை அணைத்து, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு முழங்கால் போடுவாள். நானும் பக்கத்து வீட்டுத் தூங்குமூஞ்சியும் ஆளுக்கொரு முக்காலியில் சாய்ந்திருப்போம். நான் கண்ணைத் திறந்தால் தொடையில் கிள்ளு. அவன் குறட்டையே விட்டாலும் கிள்ளு கிடையாது.

"அவனை மட்டும் ஏன்க்கா விடுறே?"

"அவன் தூங்கினாலும் ஆமென் சொல்ற நேரத்துக்கு எந்திரிச்சிடுறான். நீ முழிச்சிருந்து பல்லியை வேடிக்கை பாக்குற."

சைக்கிள் கேட்டுக் கேட்டு நான் சலித்துப்போனபோது, "ஆண்டவருக்குக் காது நல்லாத்தான் கேக்கும். பதில் வர்றதுக்குள்ள நீ எந்திரிச்சு ஓடிடாதே" என்றாள்.

சைக்கிள் வரவேயில்லை. அந்த எரிச்சல் இன்னும் இருக்கிறது. ஆனால் அந்தச் சமையலறையின் சோப்பு வாசனை— எதற்கு இதெல்லாம் இப்போது?

மார்ச் 5, புதன்

போதகர் ஃபோன் செய்தார். எடுக்கவில்லை.

மார்ச் 7, வெள்ளி

கடிதத்தை முடித்து, ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து மதியம் கோயிலுக்குப் போனேன். மடலுக்கு எழுதுவதும் ஜெப விண்ணப்பமும் வாசலில் உள்ள ஒரே பெட்டியில்தான். காவல்காரர் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"வாங்க சார். வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு அவர்தான் வருவார். படுத்துட்டார்ல, வெறிச்சுன்னு இருக்கு."

"யாரு?"

"உங்க எலக்ட்ரீஷியன்தான். அந்தத் தூண்கிட்ட நின்னுக்கிட்டேதான் ஜெபம் பண்ணுவார். உக்காந்தா கண்ணு சொக்கிடுமாம். போதாததுக்கு அலாரம் வேற!"

ஜன்னல் மேடையில் ஒரு சிவப்பு அலாரம் கடிகாரம்.

"அப்படி என்னதான் கேப்பான்?"

"ஒண்ணேதான் சார். 'ஆண்டவரே, அவன் என்கிட்ட ஒரு வார்த்தை பேசணும்.' நான் வேலைக்குச் சேர்ந்த நாள்லேருந்து இதேதான். எனக்கே அலுத்துப்போச்சு, அவருக்கு அலுக்கல."

யார் இவனைக் கேட்கச் சொன்னது? என்னைக் கேட்டானா? அந்தத் தூணுக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தேன். அவனுக்காக ஒன்றும் கேட்கக்கூடாது என்றுதான் கண்ணை மூடினேன். அக்காவின் குரலை நினைத்துப் பார்த்தேன். அது எப்படி இருக்கும்? பாதிதான் வந்தது.

காவல்காரர் தோளைத் தட்டினார். "சார், பூட்டணும்."

தூங்கியிருக்கிறேன். நான்!

மார்ச் 8, சனி

அக்கா இருந்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாள். கடிதம் இன்னும் சட்டைப்பையில்.

மார்ச் 9, ஞாயிறு

மூன்று மணி இன்னும் காலிதானாம். செவ்வாய்க்குப் பிறகு அவன் கேட்க இருப்பானோ, மாட்டானோ.

கடிதத்தைக் கிழித்தேன். ஒரு துண்டின் பின்பக்கத்தில் எழுதினேன்: "நாளை மூன்று முதல் நான்கு வரை ஆள் இருக்கிறது. அலாரம் ஜன்னலிலேயே இருக்கட்டும்."

நான் அவனை மன்னித்துவிட்டதாகப் போதகர் பிரசங்கமே செய்துவிடுவார். அது எனக்கே இன்னும் நிச்சயமில்லை. நிற்பேன், அவ்வளவுதான்.

மனைவியிடம் கொடுத்தால் அழுவாள். நானே போய்ப் பெட்டியில் போட்டுவிடுகிறேன். பெயர் எழுதாமல்.