ஒரே தாடைக்கு இரண்டு ஸ்கேன்

13.6.2009, சனி இரவு

மில்லில் விழுந்து உடைந்த என் முன்பற்களுக்குப் பதிலாக, தாடை எலும்பில் திருகு வைத்துப் பல் கட்ட வேண்டும். திண்டுக்கல்லில் படுக்கவைத்து எடுத்த ஸ்கேனில் எலும்பு கெட்டியாக இருக்கிறதாம். மதுரையில் உட்காரவைத்து எடுத்ததில் மென்மையாம்.

"அதெப்படி சார், ஒரே தாடைக்கு ரெண்டு கணக்கு? திருகு போடையில எலும்பு ஒடஞ்சிறாதா?" என்று அப்பா பல் டாக்டரிடம் கேட்டார்.

"உட்காந்து எடுக்குற மெஷின் வடிவத்தைத்தான் சரியாக் காட்டும். அடர்த்திக்குப் படுத்து எடுத்ததையே நம்பலாம். சந்தேகம்னா இன்னொரு தடவை எடுப்போம். என்னம்மா சொல்ற?"

வேண்டாம் என்று தலையாட்டினேன். இன்னொரு ஸ்கேன் வேண்டாம், பல்லை வைத்துவிடுங்கள் என்றுதான் நினைத்தேன்.

"அம்புட்டுத்தேன் சார், புள்ளையே பல்லு வேணாம்னுருச்சு. வாரோம்" என்று அப்பா எழுந்துவிட்டார்.

பஸ்ஸில், "பல்லு இல்லாட்டி என்ன ஆத்தா, நீ அழகுதேன்" என்றார். அவர் முகத்தில் அத்தனை நிம்மதி.

மாதாவே, காலையில் எப்படியாவது சொல்லிவிட வேண்டும். சொன்னால் அப்பா மறுபடி பயந்து நடுங்குவார். சொல்லாவிட்டால் நான் ஒருநாளும் சிரிக்காமலே கிழவியாகிவிடுவேன்.