கோல் கல்லின் மேல்தான் இருந்தது

சார்,

உங்கள் நினைவு மலர்க் குழுவிடமிருந்து ஒரு உறை வந்திருக்கிறது. உள்ளே ஒரு கடிதம், ஒரு புகைப்படம். துணைவேந்தராகவும் அமைச்சராகவும் இருந்த பெருமகனாரின் இளமைக் காலத்தை அருகிலிருந்து பார்த்தவர்களில் மிஞ்சியிருப்பது நான் ஒருவன்தானாம், இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். படத்தில் நீங்கள் லெவல் கருவிக்குக் குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டிருக்கிறீர்கள். திருப்போரூருக்குத் தெற்கே அந்த ஏரிக்கரை. படத்துக்காகப் பக்கத்தில் கோலோடு நிறுத்தியிருந்த ஆளை வெட்டிவிட்டார்கள். கோலில் பாதியும் அதைப் பிடித்த நான்கு விரல்களும் மட்டும் தெரிகின்றன.

மூன்று நாளாக அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு பக்கம் வரவில்லை. அதனால் உங்களுக்கே எழுதுகிறேன். நீங்கள் படிக்கப் போவதில்லை என்பதால் கொஞ்சம் தைரியமாக எழுதலாம். இருந்தவரைக்கும் உங்களிடம் எனக்கு அந்தத் தைரியம் வந்ததே இல்லை.

ஐம்பதுகளில் செங்கல்பட்டு அலுவலகத்துக்கு நீங்கள் புது இன்ஜினீயராக வந்தீர்கள். நான் ஓவர்சியர். இரண்டு பேருக்கும் ஒரே வயது, ஆனாலும் நான் உங்களை சார் என்பேன், நீங்கள் என்னை ஓவர்சியரே என்பீர்கள். காதர் பாய் நம்மைவிடப் பத்து வயது மூத்தவர், சதுரங்கப்பட்டினத்துக்காரர், அளவுகோல் பிடிக்கிற வேலை. முதல் நாளே பளபளக்கும் ஷூவோடு ஏரிக்கரையில் ஏறி, சறுக்கி, உட்கார்ந்தபடியே கீழே வந்து சேர்ந்தீர்கள். எனக்குச் சிரிக்கப் பயம். காதர் பாய்க்கு அதெல்லாம் கிடையாது. "சாரு, அத்தக் கயட்டிடு. ஏரிக்கு ஷூ புடிக்காது" என்றார். அன்றிலிருந்து நீங்கள் கரையில் வெறுங்காலோடுதான் நடந்தீர்கள். மகாபலிபுரம் விடுதியில் தங்கிய நாட்களில் அவர் வைத்த மீன் குழம்பை மூன்று பேரும் ஒரே சட்டியிலிருந்து எடுத்துச் சாப்பிட்டிருக்கிறோம். நீங்கள் மீன் தலையைக்கூடப் பங்கு போடுவீர்கள்.

அந்த ஏரியின் கலங்கல் இடிந்து கிடந்தது. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிகிற இடம் அது. அது எவ்வளவு உயரமோ அவ்வளவுதான் ஏரியில் தண்ணீர் நிற்கும். புதிதாகக் கட்ட உயரம் அளந்து லெவல் எடுத்தோம். கரையோரத்தில் உயரம் தெரிந்த அடையாளமாக நட்டிருந்த அளவுக்கல்லின் மேல் காதர் பாய் கோலை நிறுத்தினார். நீங்கள் கருவியில் பார்த்துச் சொன்னீர்கள், நான் எழுதினேன். அந்தக் காலத்துக் கருவியில் கோல் தலைகீழாகத் தெரியும், எண்கள் மேலிருந்து கீழாக ஏறும். பழகின கண்ணும் ஒரு நொடி அசந்தால் ஐந்தை ஆறு என்று படித்துவிடும். அதனால்தான் எல்லாம் முடிந்த பிறகு தொடங்கின கல்லுக்கே திரும்பி வந்து இன்னொரு தடவை பார்ப்பது வழக்கம். கணக்கு இடித்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

அன்றைக்கு நாம் கல்லுக்குத் திரும்பவில்லை. செங்கல்பட்டுக்குக் கடைசி பஸ் இருந்தது. "அப்புறம் பார்த்துக்கலாம் சார்" என்று சொன்னது நான்தான். காதர் பாய் மட்டும் கோலைத் தோளில் போட்டுக்கொண்டு கல்லருகே போய் நின்றார். "இன்னா சாரு, கல்லாண்ட வர்லியா?" என்று கத்தினார். நீங்கள் கையை அசைத்து அவரைத் திரும்பக் கூப்பிட்டீர்கள்.

கலங்கல் எழும்பியது. மழையும் நன்றாகத்தான் பெய்தது. ஆனால் ஏரி நிரம்புவதற்கு முன்பே தண்ணீர் வழிந்து ஓடியது. கடைமடை ஊருக்குத் தண்ணீர் போய்ச் சேராமல் பயிர் கதிர் விடும் நேரத்தில் காய்ந்தது. அந்த ஊர்க்காரர் ஒருவர் ஒரு கை பதரைக் கொண்டுவந்து உங்கள் மேஜைமேல் கொட்டிவிட்டுப் போனார்.

நாம் போய் மறுபடி அளந்தோம். கலங்கல் ஒரு அடி பள்ளமாக இருந்தது. கரையில் உட்கார்ந்து அளவுப் புத்தகத்தைப் புரட்டினீர்கள். முதல் வரியிலேயே விரல் நின்றது. அளவுக்கல்லில் ஐந்தடியை ஆறடி என்று படித்திருந்தீர்கள், அதனால் கலங்கல் ஒரு அடி இறங்கிவிட்டது. உங்களுக்கும் புரிந்தது, எனக்கும் புரிந்தது.

அந்த வாரம்தான் உங்களுக்குப் பொறியியல் கல்லூரி வேலையும் வெளிநாட்டுப் படிப்புக்கான உதவித்தொகையும் வந்திருந்தன. விசாரணை என்று வந்தால் இரண்டும் போகும். அளவுக்கல் தரையிலிருந்து சரியாக ஒரு அடி உயரம். கோலைக் கல்லின் மேல் வைக்காமல் பக்கத்துத் தரையில் வைத்திருந்தால் இதே தவறுதான் வரும். நீங்கள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: கோல் பிடிப்பவர் குடிபோதையில் கோலைத் தரையில் வைத்துவிட்டார்.

"குடிச்சார்னு எதுக்கு சார்?" என்று கேட்டேன்.

"வெறும் கவனக்குறைவுன்னா, நீங்க ரெண்டு பேரும் என்ன பண்ணிட்டிருந்தீங்கன்னு நம்மகிட்ட வருவாங்க, ஓவர்சியரே."

நம்மகிட்ட என்றீர்கள். அந்த ஒரு சொல்லுக்கு நான் படிந்துவிட்டேன். என் கையெழுத்து அழகாக இருக்கும், சார். அந்த அறிக்கையும் அழகாகத்தான் இருந்தது.

மதுவிலக்கு கெடுபிடியாக இருந்த காலம். குடித்தான் என்று அரசாங்கத் தாளில் எழுதினால் வேலை மட்டும் போகாது, மானமும் போகும். அதிலும் ஒரு முஸ்லிம் குடும்பஸ்தரைப் பற்றி எழுதியிருந்தோம். அவர் அலுவலகத்துக்கு வந்தார். "சாரு, நீயே சொல்லு. நான் கல்லு மேலதான வெச்சிகினு இருந்தேன்?" நீங்கள் கோப்பைப் பார்த்தீர்கள். நான் உங்களைப் பார்த்தேன். அவர் போய்விட்டார். வேலையும் போனது.

அதற்குப் பிறகு உங்கள் வாழ்க்கையை ஊரே அறியும். பேராசிரியர், கல்லூரி முதல்வர், துணைவேந்தர். ஏழைப் பிள்ளைகளுக்கு விடுதி கட்டினீர்கள், சிபாரிசுக் கடிதங்களைக் கிழித்துப் போட்டீர்கள். தொடங்கின கல்லில் முடிக்காத அளவை நம்பாதே என்று வகுப்புக்கு வகுப்பு சொல்வீர்களாம். இரங்கல் கூட்டத்தில் உங்கள் மாணவர் ஒருவர் அதைச் சொல்லி அழுதார். நீங்கள் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்!

அமைச்சரான பிறகு ஒரு தடவை மகாபலிபுரம் வந்தபோது என்னைக் கூப்பிட்டு அனுப்பினீர்கள். காரில் ஏறியதும், "சதுரங்கப்பட்டினம் போகலாமா?" என்றீர்கள். கால்வாய்க் கரையில் காதர் பாய் படகுக்குச் சவுக்குக் கட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். கொடி கட்டிய காரைப் பார்த்ததும் கையை லுங்கியில் துடைத்துவிட்டு, யாரோ பெரிய மனிதர் என்று ஒரு சலாம் வைத்தார். நீங்கள் கண்ணாடியை இறக்காமலே கையைத் தூக்கினீர்கள். டிரைவரிடம், "போகலாம்" என்றீர்கள். செங்கல்பட்டு நெருங்கும்போது, "ஆள் நல்லாத்தான் இருக்கார்" என்று மெல்லச் சொன்னீர்கள். நானும் ஆமாம் என்றேன்.

நீங்கள் போன செய்தி வந்த மறுவாரம் சதுரங்கப்பட்டினம் போனேன். காதர் பாய் இல்லை. இறந்து இரண்டு வருஷம் ஆகிறது என்றார்கள். அவர் மனைவி ஆமினா இருந்தார். முற்றத்தில் எனக்கு ஒரு ஸ்டூலைப் போட்டுவிட்டு அவர் தரையில் உட்கார்ந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். தலைகீழாகத் தெரிந்த கோல், ஒரு அடி, அறிக்கை எதையும் விடவில்லை.

அந்த அம்மாள் கண்ணிமைக்காமல் கேட்டார். பிறகு, "அப்போ மெய்யாலுமே அவரு குடிக்கலியா?" என்றார்.

"இல்லைம்மா. ஒரு நாளும் குடிச்சதில்லை."

"தெனம் சொல்லிகினே இருப்பாரு. நான் நம்பலியே. கெவர்மெண்டு பொய் எய்துமான்னு கேப்பேன். சோத்த வெச்சிட்டு அந்தாண்ட பூடுவேன். பொண்ணக் கேட்டு வந்தவங்க குடிகாரன் வூடுன்னு திரும்பிப் பூட்டாங்க. அதுக்கும் அவரதான் ஏசினேன்." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, "இத்த அவரு உசுரோட இருக்கறப்ப வந்து சொல்லியிருந்தா இன்னா சாரு?" என்றார்.

உங்களுக்குப் பயந்தேன் என்றால் முழுப் பொய். என் பென்ஷனுக்கும் என் நல்ல பெயருக்கும் பயந்தேன். அமைச்சரின் கூட்டாளி என்று செங்கல்பட்டில் நான் எப்படித் திரிந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

எழுந்தபோது ஆமினா அம்மாள் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? அவரு மையத்துக்கு நாலு பேருதான் வந்தாங்க. வெள்ளிக்கெயம தொழுவ முடிஞ்சி பள்ளிவாசல்லருந்து எல்லாரும் வெளிய வருவாங்க. அங்க நின்னு சொல்லு. அந்தப் பெரிய மனுசன் பேரையும் சேத்துச் சொல்லு. பேரு சொல்லாட்டி யாரும் நம்ப மாட்டாங்க."

வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன், சார். உங்களிடம் அனுமதி கேட்கவில்லை. உங்கள்மேல் எனக்கு இன்னமும் பிரியம்தான், அதுதான் இதில் பெரிய வேதனை. வெளியே வருகிறவர்களில் பாதிப் பேர் உங்கள் விடுதியில் தங்கி உங்கள் கல்லூரியில் படித்த பிள்ளைகளாக இருப்பார்கள். சிலர் என்னை அடிக்கவும் வரலாம்.

நாளை வெள்ளிக்கிழமை. முதலில் காதர் பாயின் பெயரைச் சொல்வேன். அடுத்து என் பெயர். அதன் பிறகு உங்கள் பெயரைச் சொல்வேன்.