கொம்பு ஊதி வந்த படகு

மரியாதைக்குரிய மாமயாக் அக்காவுக்கு, ஆற்றுக் காவல் குடிசையிலிருந்து தம்பி நாந்திப் எழுதுவது. உன் முழங்கால் வலி தேவலையா? நான் புலிபோல் இருக்கிறேன்.

போன வாரம் தங்கம் தோண்டுகிற கும்பல் நாற்பது படகில் வந்தது. சரி, ஒரே படகுதான். நம் ஆட்களைப் போலவே தூரத்திலிருந்து கொம்பு ஊதினார்கள். கூடக் காவலிருந்த பெட்சா துப்பாக்கியை எடுத்தான்.

“வச்சிட்டு வா மச்சான், விருந்தாளிக்குத் துப்பாக்கியவா காட்டுவ?” என்றேன்.

“சரி, நீ உன் வீரக்கதைய ஆரம்பிக்காத, வந்தவன் ஓடிருவான்” என்று சிரித்துக்கொண்டே, மரவள்ளிக் கள் கலயத்தோடு கரைக்கு இறங்கினான். படகிலிருந்து சுட்டார்கள்.

நான் திருப்பிச் சுட்ட வேகத்தில் ஆறே பின்னால் ஓடியது, அவர்களும் ஓடிவிட்டார்கள். என்மேல் ஒரு கீறல் இல்லை. மிருகங்கள் நக்க வரும் உப்புமண் மேட்டில், நம் முப்பாட்டன்கள் மண்வெட்டி படவிடாத இடத்தில், அவர்கள் ஒரு பிடிகூடத் தோண்டவில்லை. அங்கே தோண்டியது நான் மட்டும்தான், பெட்சாவைப் படுக்கவைக்க.

அவன் பெண்டாட்டியிடம் நீ எதுவும் சொல்லாதே. நானே வந்து சொல்கிறேன்.

உப்பும் தீப்பெட்டியும் கொடுத்தனுப்பு. பூட்ஸ் இரண்டு ஜோடி கேட்டிருந்தேன், ஒன்று போதும். கலயமும் ஒன்று வேண்டும், பழையது உடைந்துவிட்டது. கடிதம் கொண்டுவரும் படகுக்காரன் அவசரப்படுத்துகிறான்.

உன் தம்பி,
நாந்திப்