கசகசாவும் உன் மாமாவின் சீரும்

திருக்காட்டுப்பள்ளி

அன்பு மகள் பிரின்ஸிக்கு,

மாதா துணையால் நானும் உன் அம்மாவும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் சுகமாக இருக்கத் தினமும் செபமாலை சொல்கிறோம். சம்பா நடவு முடிந்தது, ஆற்றில் தண்ணீருக்குக் குறையில்லை. துபாய்ச் சட்டதிட்டங்கள் என்று மாப்பிள்ளை அனுப்பியதைப் பிரிண்ட் எடுத்துப் படித்துவிட்டேன். கோடு போடாத இடத்தில் ரோட்டைக் கடக்க மாட்டோம், மெட்ரோவில் எதையும் தின்ன மாட்டோம், கேட்காமல் யாரையும் போட்டோ எடுக்க மாட்டோம். என் மாத்திரைகளுக்கு டாக்டரிடம் சீட்டும் வாங்கியாயிற்று.

இதற்கிடையில் உன் மாமா ஆசீர்வாதம், தாய்மாமன் சீர் என்று ஒரு பை கொடுத்தனுப்பினார். என்னோடு போட்ட வாய்க்கால் தகராறை மனதில் வைத்துக்கொண்டு உன் கல்யாணத்துக்கே வராத மனுஷன். தன் மளிகைக் கடையிலிருந்து சுக்கு, பூண்டு, ஓமம், அடியில் பெரிய பொட்டலமாகக் கசகசா. அந்த ஊரில் அது போதைப்பொருள் கணக்கு. பிள்ளைப்பேறு பார்க்க வரும் நாங்கள் உன் முகத்தைப் பார்க்காமலே ஜெயிலுக்குப் போக வேண்டியதுதான். வெளியே எடுத்து வைத்தேன். உன் அம்மாவோ, "குருமாவுல போடுறதுக்கா பிடிப்பாங்க, பழைய கோபத்துல சொல்றீங்க. அண்ணன் சீரைத் திருப்பினா நான் வரல, நீங்களே போய்ப் பிள்ளையைக் குளிப்பாட்டுங்க" என்று பெட்டியை மூடிவிட்டாள்.

வேறு வழியில்லாமல் பொட்டலத்தோடு நானே அவர் கடைக்குப் போனேன். படியேறாமல் நின்றபடி விஷயத்தைச் சொன்னேன். "கசகசாவுக்கு ஜெயிலா? என் சீர் வேணாம்னா நேராச் சொல்லிட்டுப் போங்க மாப்ள" என்றார், சரக்கு வாங்க வந்தவர்கள் எல்லாம் கேட்க. பிரிண்ட்டை நீட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு முழுதும் படித்தார். பொட்டலத்தை வாங்கி உள்ளே போட்டுவிட்டு, "நல்லவேளை, இல்லேன்னா புள்ளைத்தாச்சிக்கு ஆக்கிப்போட ஆள் இல்லாம போயிருக்கும்" என்றார். அப்புறம் மெதுவாக, அங்கே வெற்றிலை போடலாமா என்று கேட்டார். வெற்றிலை கொண்டுபோகவே தடை, ரோட்டில் துப்பினால் அபராதம் என்றேன். "அப்ப ஞானஸ்நானத்துக்கு வர்றப்போ வெறும் வாயோடதான் இருக்கணும்" என்றார். கூப்பிட்ட கல்யாணத்துக்கு வராதவர், கூப்பிடாத ஞானஸ்நானத்துக்கு வருகிறாராம். விஷயம் தெரிந்ததும் உன் அம்மா பெட்டியைத் திறந்து மறுபடி அடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

என் கோபம் இன்னும் தீரவில்லை, தீரும் என்றும் தோன்றவில்லை. மாடிப்படியில் பிடித்துக்கொண்டு இறங்கு, வேளைக்குச் சாப்பிடு. உங்கள் மூவரையும் ஆண்டவர் காப்பாராக. மறக்காமல் ஒன்று: இன்னொருவருக்கு விசா எடுக்க என்னென்ன வேண்டும் என்று மாப்பிள்ளையிடம் கேட்டுச் சொல். உன் மாமாவின் பாஸ்போர்ட் நகலை இதோடு வைத்திருக்கிறேன்.

உன் அப்பா,
அருள்பிரகாஷ்