காதைத் தொட்ட வலக்கை

தோஹா
2016 பெப்ரவரி

கண்ணியமுள்ள உம்மாவுக்கு ஜௌபரின் ஸலாம். அல்லாஹ்வின் அருளால் நான் சுகம். உங்கள் சீனி வருத்தம் எப்படி? கல்பிட்டியில் காற்று அடங்கிவிட்டதா?

பயப்படாமல் வாசியுங்கள். அண்ணாந்து நின்று சீலிங்குக்குப் பெயின்ட் அடித்தே என் வலத் தோளின் தசைநார் நைந்துவிட்டது. ஆறு மாதமாகக் கை நெஞ்சுக்கு மேல் ஏறவில்லை. தொழுகையில் தக்பீருக்கு இடக்கையை மட்டுமே காதுவரை உயர்த்தினேன். போனில் சொன்னால் அழுவீர்கள் என்று மறைத்தேன்.

இங்கே யாழ்ப்பாணத்து டொக்டர் ஒருவர் தோளுக்குள் ஊசி போட்டார். முட்டை வெள்ளைக்கரு போன்ற வழுவழுப்பான மருந்து. நம் மூட்டுக்குள் அல்லாஹ் ஊறவைத்திருப்பதும் அதுவேதானாம். ஊசி உள்ளே போவதை ஸ்கேன் திரையில் பார்த்தேன். என் உடம்புக்குள் இப்படியொரு உலகமா என்று தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன்.

அதைச் சேவல் கொண்டையிலிருந்து எடுப்பதாக அறைத் தோழன் சொல்லியிருந்தான். அதனால், "டொக்டர், அந்தச் சேவல பிஸ்மி சொல்லியா அறுத்தாங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் சிரித்தார். "முந்தி அப்பிடி எடுத்தவை, தம்பி. இது ஆய்வுகூடத்தில செய்தது. இந்த மருந்து எல்லாருக்கும் கேக்காது, பாப்பம்."

மூன்று கிழமையில் மூன்று ஊசி. நேற்று அஸர் தொழுகைக்கு "அல்லாஹு அக்பர்" என்றதும் வலக்கை தானாக எழுந்து காதைத் தொட்டது. ஓத வேண்டியதெல்லாம் மறந்து அப்படியே நின்றேன், உம்மா.

ஊருக்கு வரும் நம் அடுத்த வீட்டு அக்கீலாவின் மாப்பிள்ளையிடம் இதைக் கொடுக்கிறேன். வாசலில் காத்து நிற்கிறார். அவர் திரும்பும்போது கொஞ்சம் கருவாடும், தோளில் போர்த்த உங்கள் பழைய சாரி ஒன்றும் அனுப்புங்கள். சாரியைக் கழுவ வேண்டாம்.

மகன்
ஜௌபர்