விலாவில் வைத்த கை

இன்று காலை ஜிம்மியைக் குளிப்பாட்டினேன். வீடு முழுக்க ஈர நாயின் நாற்றம். விழுப்புரத்தில் நாம் இரண்டு டீச்சர்களும் சேர்ந்து குடியிருந்த ஓட்டு வீடு ஞாபகம் வந்துவிட்டது, இடுப்பில் கை வைத்து என்னை முறைக்கும் உன் முகமும்.

ஜிம்மி வந்த புதிதில் அதன் முடியைப் பார்த்து, "புசுபுசுன்னு நல்லா கொழுத்திருக்கு" என்று மெச்சினேன். நீ என் கையை இழுத்து அதன் விலாவில் வைத்தாய்.

"முடியத்தான் பாத்துக்கினு இருக்கே. கைய வச்சுப் பாருடி."

ஒவ்வொரு எலும்பும் விரலில் இடித்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்றிலிருந்து கேப்பைக் களியும் மோர்ச் சோறுமாகப் போட்டுத் தள்ளினேன். பொங்கலுக்குள் விலாவே கைக்குச் சிக்கவில்லை. மேலிருந்து பார்த்தால் இடுப்பு என்று ஒன்று இல்லை. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. அதற்கும் திட்டினாய். "உன் புறங்கையத் தடவிப் பாரு. அந்த அளவுக்கு எலும்பு தட்டணும். கூடவும் வேணாம், கொறையவும் வேணாம்." சோற்றைப் பாதியாக்கி, தினமும் ஸ்டேஷன் வரை நடத்திக் கூட்டிப்போய், அந்த இடுப்பை மீட்டவள் நீதான்.

பிறகு எனக்குத் திண்டிவனத்துக்கு மாற்றல். ஜிம்மியும் என்னோடு வந்தது. மாதம் ஒரு ஞாயிறு நீ பாசஞ்சரில் வந்து இறங்குவாய். முதலில் அதன் விலாவைத் தடவுவாய், அப்புறம்தான் என்னை விசாரிப்பாய்.

கடைசியாக வந்தது மார்கழியில். தொளதொளவென்று ஒரு ஸ்வெட்டர், அதன் மேல் சால்வை. "என்னடி, இளைச்சுட்டியா?" என்றேன்.

"போடி, நல்லாத்தான் இருக்கேன். ஜிம்மிக்குத்தான் சதை போட்டிருக்கு."

நானும் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். நாயைத் தடவிப் பார்த்தோம், உன் தோளை நான் தொடவில்லை.

மாசியில், ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் உன் கையைப் பிடித்தேன். அத்தனை எலும்பும் விரலில் இடித்தது. முன்பே கூட்டி வந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். நீ போய்விட்ட பிறகும் உன் மேல் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. என் மேல் அதைவிட அதிகம்.

எதிர் வீட்டு அம்மா ஒரு மாதமாகப் போர்வையும் இருமலுமாக இருக்கிறார். நேற்று விசாரித்தால், "ஒண்ணும் இல்லீங்க டீச்சர், நல்லாத்தான் இருக்கேன்" என்றார். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. போர்வைக்குள் கையை விட்டு அவர் தோளைப் பிடித்துப் பார்த்தேன்.

நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லியாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகக் குதிரை வண்டிக்கும் சொல்லிவிட்டேன். வேலை கிடக்கிறது, வரமாட்டேன் என்று அந்த அம்மா அடம் பிடிக்கிறார். பிடிக்கட்டும். தூக்கி உட்கார வைத்தாவது கூட்டிப் போவேன்.