நெஞ்சுக்குள் சுண்ணாம்பு

என் வீட்டு மகாராணிக்கு,

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், திட்டாதே. தண்ணீரைக்கூட அளந்து குடிக்கவேண்டிய நான், பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை மோர்ப்பந்தலில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை வரிசையில் நின்றேன். மறுநாள் டயாலிசிஸுக்குப் போனபோது மூச்சு வாங்கியது. கொஞ்சம்தான்.

டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்தார். "நெஞ்சு ரத்தக்குழாய்ல சுண்ணாம்பு படிஞ்சிருக்குங்க. ஆஞ்சியோ பண்ணணும்."

"கெட்டுப்போனது கிட்னிதானே? நெஞ்சு என்னம்மா பண்ணுச்சு?"

"டயாலிசிஸ்ல இருக்கிறவங்களுக்கு நெஞ்சுக்குத்தாங்க ஆபத்து ஜாஸ்தி."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஊரார் சுவருக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்தவன் நான். நம் வீட்டுக்கும் அடிக்கச் சொல்லி வருஷக் கணக்காகக் கத்தினாயே, இதோ, உள்ளே அடித்திருக்கிறேனாம்.

போனில் பேசினால் நீ என் மூச்சைக் கேட்டுவிடுவாய். அதனால்தான் மகள் வீட்டுக்குத் திரும்பும் மாப்பிள்ளையிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ஆஞ்சியோ செய்துகொள்ளவா, வேண்டாமா? நீயே சொல். பேத்தியைக் குளிப்பாட்ட மகள் பழகியிருந்தால் ஒரு நடை வந்துவிட்டுப் போயேன். கையெழுத்துப் போட ஆள் வேண்டுமாம்.

நேற்று இ.சி.ஜி. எடுக்க நெஞ்சு முடியை மழித்தார்கள். பாதியில் மழிக்கிற மிஷினில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. இடது பக்கம் மட்டும் முடிந்தது. சட்டையைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்